பரஸ்தானம் வைத்து ஏறிய கப்பல்

வெள்ளிக்கிழமை, காலை 5.20. திருநெல்வேலி டவுன்.

ஆட்டோக்காரர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து சந்து முனையில் ஹாரன் அடித்தார். நம்மூரில் இப்படி நடப்பது அபூர்வம். எனக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, மூன்றாவது தடவை இழுக்கப் போகையில், "பூட்டு கையோட வந்துரும், வாங்க" என்றாள் காந்திமதி. காந்திமதி என் மனைவி. வயது நாற்பத்திரண்டு. கொச்சிக்குப் போய், அங்கிருந்து லட்சத்தீவுக்குச் சுற்றுலாக் கப்பலில் ஐந்து நாள் போய்வரக் கிளம்பியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம்.

இப்போதும் ஆபீசில் யாராவது கேட்கிறார்கள், கப்பலில் போனால் முதல் நாள் என்ன பார்க்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எதைத் தவறவிடக் கூடாது என்று. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பொதுப்பணித் துறையில் இருபத்திரண்டு வருடமாகத் தாமிரபரணி அணைக்கட்டுகளின் நீர்மட்டத்தை நேரம் போட்டு எழுதி வருகிறவன் நான். நேரம் போடாமல் எனக்கு எழுத வராது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காந்திமதிக்கு மார்பில் வந்த புற்றுநோய் அதற்குள் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், இனி வைத்தியம் வலிக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒன்று, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். கடைகளில் கிடைக்காது. அங்கே போய்ச் சீட்டுக் காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். கப்பலில் போகலாமா என்று காந்திமதிதான் டாக்டரிடம் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். போவதாக இருந்தால் இப்போதே போய்விட்டு வாருங்கள், பங்குனி வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். இருவருக்கும் புரிந்தது.

அவள் கல்லிடைக்குறிச்சிக்காரி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தூத்துக்குடி துறைமுகம் காட்டுகிறோம் என்று நாற்பது பெண்பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அன்றைக்கு என்ன காரணமோ கதவைத் திறக்கவில்லை. கம்பி வேலி வழியாக ஒரு கப்பலின் புகைபோக்கியை மட்டும் பார்த்துவிட்டு, எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கல்யாணமான நாள் முதல் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் "போகலாம், போகலாம்" என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆபீஸ் இருந்தது, அணை இருந்தது, வெள்ளம் இருந்தது. கப்பல் எங்கே ஓடிப்போகிறது என்று நினைத்தேன்.

கப்பல் சனிக்கிழமை கிளம்புகிறது. வெள்ளிக்கிழமை ஊரை விட்டால்தான் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. கொச்சியோ மேற்கே இருக்கிறது. இதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகிற பொருளில் ஒன்றை எடுத்து வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ள வேண்டியது. பரஸ்தானம் வைப்பது என்று பெயர். ஏதோ ஒரு கந்தல் துண்டை வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. எந்தப் பொருள் இல்லாமல் ஊர் போக முடியாதோ அதை வைத்தால்தான் பரஸ்தானம் பலிக்கும் என்பது என் கட்சி.

அதனால் வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, ஒரு மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கு, ஒரு புதுச் சேலை, அதோடு காந்திமதியின் மாத்திரை டப்பா, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் போட்டு, எதிர்வீட்டு மங்கையர்க்கரசி அம்மாளின் பூஜை அலமாரிக்குக் கீழே என் கையாலேயே வைத்தேன். அன்றைக்கும் ராத்திரிக்கும் வேண்டியது போக, வழிக்கென்று பத்து மாத்திரையை மட்டும் காந்திமதி தன் கைப்பர்சில் எடுத்துக்கொண்டாள். "டப்பாவை வைக்கணுமா, சேலை போதாதா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் சாஸ்திரம் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்டோ முன்னாலேயே வந்துவிட்ட பதற்றத்தில் பெட்டிகளை ஏற்றினோம். சந்து முனை திரும்பியதும் எதிரே மங்கையர்க்கரசி அம்மாள், தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, செப்புக் குடத்தில் நிறைகுடம் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். இதுவும் நான் முந்தின நாள் சொல்லி வைத்த ஏற்பாடுதான். சகுனத்தை ஏற்பாடு செய்யலாமா என்று கேட்காதீர்கள், ஊரே செய்கிறது. தண்ணீர் தளும்பாமல் அவர் வந்த அழகைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "விடுங்க வண்டியை, திரும்பிப் பாக்க வேண்டாம்" என்றேன். மஞ்சள் பை அலமாரிக்குக் கீழேயே இருந்துவிட்டது. பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை என்பார்களே, அது என் கதைதான். ஆனால் அது எனக்குத் தெரிய இன்னும் முப்பத்தோரு மணி நேரம் இருந்தது.

காலை 6.15. ஜங்ஷனிலிருந்து கொல்லம் போகும் பாசஞ்சர்.

ஆட்டோவுக்கு இருபத்தைந்து ரூபாய் கொடுத்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேட்டை தாண்டி, சேரன்மகாதேவி தாண்டி, வண்டி வயல்களுக்கு நடுவே போயிற்று. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் ஆற்றுப்பாலம். காந்திமதி எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீர். பனி இன்னும் விலகவில்லை. யாரோ ஒரு அம்மாள் படித்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தார். அம்பாசமுத்திரம் வருகிற வரை காந்திமதி உட்காரவே இல்லை.

எட்டு மணிக்குப் பாவூர்சத்திரம் நெருங்கும்போது மாத்திரை வேளை. அவள் கைப்பர்சைத் திறந்தாள். தலையை உயர்த்தி மேலே பலகையில் இருந்த பெட்டிகளை ஒருமுறை பார்த்தாள், காலுக்கடியில் பார்த்தாள். பிறகு ஒரு மாத்திரையை எடுத்து நகத்தால் இரண்டாக உடைத்துப் பாதியைப் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். முழுசாகப் போட்டால் தூக்கம் வருகிறது, மலையைப் பார்க்க வேண்டும் என்றாள். நான் நம்பினேன்.

செங்கோட்டைக்கு அப்பால் மலைப்பாதை. ஆரியங்காவுக்கு முன் ஒரு நீளமான குகை வருகிறது. உள்ளே வண்டி போனதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளிச்சம் வந்தபோது அவள் நகம் பதிந்து என் தோல் சிவந்திருந்தது. முகமெல்லாம் வேர்வை. இருட்டு பயமாக இருந்தது என்றாள். வெள்ளம் வந்த ராத்திரிகளில் நான் அணைக்கட்டில் கிடக்க, வீட்டில் தனியாகப் படுத்திருந்தவள் அவள். இருட்டுக்குப் பயப்படுகிறவளா? அதையும் நான் நம்பினேன். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தை எட்டிப் பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே "ஆமா, நல்லா இருக்கு" என்றாள்.

இரண்டு மணிக்குக் கொல்லம். அங்கே வண்டி மாறி, ஆறரைக்கு எர்ணாகுளம். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையில் அவள் ரெண்டு கவளம் தின்றாள்.

சனிக்கிழமை, காலை 8.50. வில்லிங்டன் தீவு, கப்பல் துறை.

கப்பல் வெள்ளையாக, ஒரு தெரு நீளத்துக்கு நின்றது. காந்திமதி அடியிலிருந்து புகைபோக்கி வரைக்கும் பைய நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பது மணிக்கு ஆட்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். நான் ஏற மறுத்துவிட்டேன். துறையில் ஒரு இரும்பு பெஞ்சில், பாதி வெயிலில் அவளை உட்கார வைத்தேன். எங்களைத் தாண்டி எல்லாரும் ஏறிப் போனார்கள்.

ஏணி அடியில் பயணிகளின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு வந்தார். "திருநவேலியா அண்ணாச்சி? நான் உவரி" என்றார். பெயர் லூர்து, கப்பலில் சாப்பாட்டு வகையைப் பார்க்கிறவர், பன்னிரண்டு வருடமாகக் கப்பல் வேலை. ஏன் ஏறவில்லை என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, காந்திமதியின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கப்பல்ல மொத நாளுதான் நாளு. நாளைக்குப் பாதிப் பேரு வாளியைக் கட்டிப்பிடிச்சிட்டுக் கெடப்பாவ. பாக்க வேண்டியதை இன்னைக்கே பாத்துரணும். அக்காவை ஏன் வெயில்ல காய வைக்கீங்க?"

அவர் சொன்னதை ஆபீஸ் நண்பர்களுக்காக எழுதிவிடுகிறேன். கப்பல் கிளம்பும்போது அறையில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கக் கூடாது, மேல்தளத்துக்கு ஓடிவிட வேண்டும். துறைமுக வாய் தாண்டும்போது இடது பக்கம் நிற்க வேண்டும், சீன வலைகள் தெரியும். வயிற்றைக் காலியாகவும் விடக் கூடாது, நிறைக்கவும் கூடாது. மதியத்துக்கு மேல் பின்பக்கத் தளத்தில் நாற்காலி பிடித்துவிட வேண்டும், அங்கேதான் ஆட்டம் குறைவு. சூரியன் விழுவதை எழுந்து போகாமல் பார்க்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். பத்து முப்பத்தொன்றுக்கு வலது காலை வைத்து ஏறினோம்.

பகல் 12.10.

சங்கு ஊதியது. அறையின் கட்டில் அதிர்ந்தது. வாங்க மேலே போவோம் என்றாள் காந்திமதி. நீ முன்னால் போ, சாமான்களை ஒழுங்கு செய்துவிட்டு வருகிறேன் என்றேன். லூர்து அவளைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிப் போனார். நான் பெட்டியைப் பிரித்தேன். பிரித்துக்கொண்டிருக்கக் கூடாது என்று அவர் சொன்ன அதே பெட்டியை, அதே நேரத்தில். நெல்லையப்பர் படத்தை எடுத்து வைத்தேன், பிளாஸ்கை வைத்தேன், மாத்திரை டப்பாவுக்காகக் கையை விட்டேன். இரண்டு பெட்டியையும் கட்டிலில் கொட்டினேன். அப்போதுதான் அந்தப் பூஜை அலமாரி கண்முன் வந்தது, அதன் அடியில் மஞ்சள் பை, நான் வைத்த இடத்தில்.

எப்படி மாடிப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் போகும் கரையைப் பார்த்து நின்றாள். சேலைத் தலைப்பு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"பையை எடுக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"பாவூர்சத்திரம் வரும்போதே தெரியும்."

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"சொன்னா தென்காசில எறங்கித் திரும்பியிருப்பீங்க. இல்லைன்னா கொல்லத்துல எறங்கி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பீங்க. கப்பல் போயிருக்கும். வீட்டுக்குள்ள போயிப் படுத்தேன்னா மறுபடி எந்திரிச்சுக் கெளம்ப மாட்டேன். அது எனக்குத் தெரியும்."

அரை மாத்திரையின் கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. ரயிலில் முந்தின நாள் பூராவும், லாட்ஜில் ராத்திரி பூராவும் பாதி பாதியாகப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். குகைக்குள் என் கையைப் பிடித்தது இருட்டினால் இல்லை. முழு மாத்திரைகளை இந்த ஒரு நாளுக்கென்று மிச்சம் பிடித்திருந்தாள்.

கப்பலை வெளிக்கடல் வரை ஓட்டிக் காட்ட, துறைமுகத்து வழிகாட்டி ஒருவர் ஏறியிருப்பார். கடல் வாய் தாண்டியதும் ஒரு சிறு படகு வந்து அவரை இறக்கிக்கொண்டு போகும். லூர்து இதைச் சொன்னதும் நான் அதிகாரி அறைக்கு ஓடினேன். அங்கே இருந்த மலையாளி அதிகாரி நல்ல மனிதர். முழுசாகக் கேட்டார், மேலே போய்ப் பேசிவிட்டு வந்தார். கப்பலை நிறுத்தி, துணிப் படுக்கையில் கட்டிப் படகில் இறக்குகிறோம், ஆனால் நோயாளியின் வாயால் சரி என்று சொல்ல வேண்டும் என்றார். ராத்திரிக்குள் திருவனந்தபுரம் போய்விடலாம். மறுநாள் காலை மாத்திரை கைக்கு வந்துவிடும். ஒரு மணிக்கு நாங்கள் இருவரும், கம்பியோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் முன்னால் போய் நின்றோம். படகு கப்பலோரம் வந்துகொண்டிருந்தது.

அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் எறங்க மாட்டேன். தூக்கி எறக்கினா கத்துவேன்" என்றாள் அதிகாரியிடம். பிறகு என்னிடம், "இன்னும் அஞ்சு மாத்திரை கெடக்கு. நாளைக்குக் காலைல வரைக்கும் வரும். எனக்கு இன்னைக்கு ஒரு நாள் போதும். இங்கன வந்து இரிங்க" என்றாள்.

"கூறு கெட்டவளே, நாளைக்கு வலி வந்தா நான் என்ன செய்வேன்?"

"அது நாளைக்குத்தானே."

அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். படகு வழிகாட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பியது. எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவேன்! அவள்மேல் கோபம், மங்கையர்க்கரசி அம்மாள்மேல் கோபம், நேரத்துக்கு முன்னால் வந்த ஆட்டோக்காரர்மேல்கூடக் கோபம். கோபப்பட வேண்டிய ஒரே ஆளை விட்டுவிட்டு எல்லார்மேலும் பட்டேன். "உனக்குக் கப்பல்தான் பெருசு, நான் பெருசில்ல" என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை அவள் மடியில் வீசிவிட்டுப் போனேன்.

பகல் 1.15 முதல் மாலை 6.40 வரை.

பயணக் கட்டுரையில் கப்பலைப் பற்றி எழுத வேண்டிய இடம் இதுதான். ஆனால் இந்த நேரத்தில் நான் கப்பலைப் பார்க்கவில்லை. முதலில் கப்பல் டாக்டரிடம் போனேன். அந்த மாத்திரை இங்கே கிடையாது, வலி வந்தால் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். அடுத்து, மறுநாள் காலை போய்ச் சேரும் கவரத்தித் தீவின் ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்பச் சொல்லி வயர்லெஸ் அறை வாசலில் நின்றேன். பதில் வர நேரம் ஆகும் என்றார்கள். சும்மா நிற்க முடியவில்லை. அறை அறையாகக் கதவைத் தட்டினேன். ஒரு கோட்டயத்து அம்மாள் தலைவலி மாத்திரை கொடுத்தார், ஒரு கோயம்புத்தூர்க்காரர் தைலப் புட்டி கொடுத்தார். யாருக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து கதை சொன்னேன். மறுபடி வயர்லெஸ். மறுபடி டாக்டர். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு வேண்டிய மாத்திரை அவள் பர்சில் இருந்தது.

அந்த மதியத்துக் கப்பலை அவள் பின்னால் சொல்லி நான் தெரிந்துகொண்டேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். தண்ணீர் முதலில் ஆற்று வெள்ளம் மாதிரி கலங்கலாக இருந்ததாம், பிறகு பச்சை, மூன்று மணிக்குச் சலவைக்குப் போடும் நீலம். அலையிலிருந்து சிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கிளம்பி மறுபடி அலைக்குள்ளேயே விழுந்தனவாம். அது மீன் என்று லூர்து சொன்ன பிறகும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. சமையல்கட்டைக் காட்டுங்கள் என்று கேட்டுப் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒரு ஆள் உள்ளே இறங்கிக் கழுவும் அளவுக்குச் சோற்றுப் பானை. சமையல்காரர் ஒரு டம்ளர் ரசம் கொடுத்தாராம், "காரம் சாஸ்தி, மத்தபடி குத்தம் சொல்ல முடியாது." பின்தளத்தில் நாற்காலியில் சாய்ந்தால் எஞ்சினின் அதிர்வு முதுகுக்கு இதமாக இருந்ததாம், ஒரு மாதத்தில் முதல் தடவையாக முதுகு இருப்பதையே மறந்து போயிற்று என்றாள். நம்மூரில் சூரியன் பொதிகை மலைக்குப் பின்னால் போய்விடும், போனதுதான் தெரியும், விழுந்தது தெரியாது. அங்கே கடைசிக் கீற்று வரைக்கும் பார்த்திருக்கிறாள்.

வயர்லெஸ்ஸில் பதில் வந்தபோது மணி ஆறைத் தாண்டியிருந்தது. கவரத்தியிலும் அந்த மாத்திரை இல்லை, ஊசி உண்டு என்றார்கள். ஒரு கை நிறையத் தலைவலி மாத்திரைகளோடும் தைலத்தோடும் நான் பின்தளத்துக்கு வந்தேன். சூரியன் போய்விட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். அவள் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் என் துண்டு கிடந்தது. காயப் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "பாத்தாச்சு" என்றாள். நான் என்னென்ன கிடைத்தது என்று விவரமாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல்.

லூர்து சொன்னது போலவே மறுநாள் பாதிப் பேர் வாளியோடு கிடந்தார்கள். காலை எட்டு மணிக்குக் கடைசி முழு மாத்திரையைப் போட்டாள். பதினொன்றரைக்கு வலி ஆரம்பித்தது. கவரத்தியில் எல்லாரும் படகில் இறங்கிப் போனார்கள், எங்களால் இறங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் படகில் வந்து ஊசி போட்டார். அது மூன்று மணி நேரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை, கப்பல் டாக்டர் போட்ட ஊசியும் கேட்கவில்லை. மீதி மூன்று நாளும் அந்த இரண்டு பேர் அறையின் கீழ்க் கட்டிலில் அவள் சுருண்டு கிடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. கத்தக் கூடாது என்று தலையணை ஓரத்தைக் கடித்துக் கடித்து உறை கிழிந்துவிட்டது. லூர்து வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்து, அவள் குடிக்காமல் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போனார். அன்றைக்கே படகில் இறங்கியிருக்கலாமே என்று காந்திமதி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான்தான் பல தடவை சொன்னேன்.

புதன்கிழமை கொச்சியில் இறங்கி, டாக்சி பிடித்து நேரே திருவனந்தபுரம் போனோம். இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மாத்திரை கிடைத்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டவர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் ஊருக்கு வந்தேன். மங்கையர்க்கரசி அம்மாள் மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு அழுதார். ஆட்டோ தன்னைத் தாண்டிப் போனதுமே பை ஞாபகம் வந்துவிட்டதாம். "கூப்பிட வாயெடுத்தேன் அண்ணாச்சி. பயணம் போறவுகளைப் பின்னால இருந்து கூப்பிடக் கூடாதேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன், அப்படிக் கூப்பிட்டிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன்.

மாசிக் கடைசியில் காந்திமதி இறந்துபோனாள். அதற்கு முந்தின வாரம், வலி அடங்கியிருந்த ஒரு காலை நேரத்தில், அந்த முதல் நாளை மணி வாரியாகச் சொல்லு என்று கேட்டேன். மேலே எழுதியிருப்பதெல்லாம் அப்போது சொன்னதுதான். ஆஸ்பத்திரி பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். குருவி மீன், ரசம், சூரியன் எல்லாம் ஆனது. இடையில் நாலு மணிக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

"உங்களைத்தான் பாத்தேன். மேல ஓடுனீங்க, அப்புறம் கீழ ஓடுனீங்க. கூப்பிட்டேன், காத்துல கேக்கல போல" என்றாள். சற்று மூச்சு வாங்கிவிட்டு, "பக்கத்து நாற்காலில உங்க துண்டைப் போட்டு வச்சிருந்தேன். நாலஞ்சு பேரு வந்து கேட்டாவ. ஆள் வருதுன்னு சொன்னேன்" என்றாள்.

ஆகவே, கப்பலில் முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற ஆபீஸ் நண்பர்களுக்கு: பார்க்க வேண்டிய இடங்களை லூர்து சொன்னபடி எழுதியிருக்கிறேன், தவறு இருக்காது. பெட்டியைப் பிரிக்க வேண்டாம். யாராவது "இங்கன வந்து இரிங்க" என்று சொன்னால் போய் உட்காருங்கள்.

டவுனிலிருந்து பாளையங்கோட்டை ஆபீசுக்குத் தினமும் பஸ்ஸில்தான் போகிறேன். நம்மூரில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தால் அஞ்சு நிமிடத்தில் சண்டை வந்துவிடும். யாரோ துண்டைத் தூக்கி எறிவார், துண்டுக்காரர் சட்டையைப் பிடிப்பார். முன்பெல்லாம் நானும் சண்டை போடுகிறவன்தான். இப்போது காலி இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் "ஆள் வருது" என்று சொன்னால் நான் ஒன்றும் கேட்பதில்லை. பாளையங்கோட்டை வரைக்கும் நின்றுகொண்டே போகிறேன்.